முதலீட்டுக் கோட்பாடுகள் திருப்பூரில் செல்லுபடியாகுமா?

ஈரோட்டில் நிதி மேலாண்மை படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. மார்க்கோவிட்ஸ், ஷார்ப், ஃபாமா என்ற நிதியியல் அறிஞர்களின் பெயரில் பருவத்துக்கு ஒரு கோட்பாடு படிக்கிறார். ஒன்று சொல்வதை அடுத்தது மறுக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் அவருடைய தந்தையோ, "இதுல எது காசு சம்பாரிச்சுக் குடுக்கும்னு சொல்லு பாக்கலாம்" என்கிறார். எந்தக் கோட்பாட்டை நம்புவது, எந்த உத்தி வெல்லும்? இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இந்தக் கோட்பாடுகளில் எந்தப் பகுதி கணக்கு, எந்தப் பகுதி ஊகம் என்பது ஒன்று. கோட்பாட்டிலிருந்து உத்திக்கு எப்படிப் போவது என்பது மற்றொன்று. முதலாவது தெளிந்துவிட்டால் இரண்டாவதில் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். நான் கோவையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் வேலையைத் தொடங்கி, பின்னர் நெடுங்காலமாக நிதிப் பாடம் நடத்தி வருபவன். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகன் அல்லன் என்பதால், எந்தப் பங்கை வாங்கலாம் என்பது இந்தப் பதிலில் இருக்காது.

மார்க்கோவிட்ஸிலிருந்து தொடங்குவதே முறை. 1952-இல் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. கட்டுரை 15 பக்கம்தான். பணத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை, அது எல்லாப் பாட்டிகளுக்கும் தெரிந்ததே. எப்படிப் பிரித்தால் இடர் குறையும், எப்படிப் பிரித்தாலும் ஏன் குறையாது என்பதற்கு அளவுகோல் தந்ததே அவருடைய பங்களிப்பு. ஆண்டு ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 20 விழுக்காடு கொண்ட இரண்டு சொத்துகளைச் சரிபாதியாக வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். இரண்டும் முழுக்க ஒன்றாகவே ஏறி இறங்கினால் தொகுப்பின் திட்ட விலக்கமும் அதே 20-தான். சேர்ந்தாடும் அளவைச் சொல்லும் ஒட்டுறவு (முழுக்க ஒன்றாக ஆடினால் 1, தொடர்பே இல்லையென்றால் 0) 0.5 ஆனால் 17.3, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையென்றால் 14.1. சொத்தின் தன்மை எதுவும் மாறவில்லை, அவற்றுக்கிடையேயான உறவு மட்டுமே மாறியது, இடர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இது எந்தச் சந்தையிலும் எந்தக் காலத்திலும் பொய்க்காத கணக்கு. நூறு சொத்துகளாகப் பிரித்தாலும் அவை எல்லாம் ஒரே காரணத்தால் ஆடுமானால் பிரித்ததன் பயன் மிகக் குறைவு என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்.

உங்கள் தந்தையின் கேள்விக்கு இந்த இடத்திலேயே பாதி விடை இருக்கிறது. திருப்பூரில் ஓரளவு வளர்ந்த ஒரு குடும்பத்தின் சொத்துப் பட்டியல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: பனியன் கம்பெனி, ஒரு சாயப்பட்டறையில் பங்கு, தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட லைன் வீடுகள், ஊருக்கு வெளியே வாங்கிப்போட்ட காடு, நூல் வியாபாரியிடம் வட்டிக்கு விட்ட பணம். காகிதத்தில் ஐந்து இனம். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டதை நீங்கள் சிறுவயதில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அத்தகைய ஓர் உத்தரவு இந்த ஐந்து இனங்களையும் ஒரே சரட்டில் இழுக்கும். துணிக்குச் சாயமேற்ற வழியில்லையென்றால் ஆர்டர் தடுமாறும். ஆர்டர் தடுமாறினால் தொழிலாளர்கள் ஊர் திரும்புவார்கள், வீடு காலியாகும், நூல் வியாபாரி தவணையைத் தள்ளுவார், விற்கலாம் என்று நினைத்த நிலத்துக்கு ஆள் வரமாட்டார். இந்தச் சேர்ந்தாடும் தன்மையைத்தான் உங்கள் பாடநூல் கோவேரியன்ஸ் என்று கிரேக்க எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. இதற்கு மேல், "நமக்குத் தெரிந்த தொழில்" என்ற நம்பிக்கையில் மகன் நூற்பாலைப் பங்குகளை வாங்கினால், இருக்கும் இடரின்மேல் அதே இடரை இன்னொரு முறை அடுக்குகிறார் என்றுதான் மார்க்கோவிட்ஸின் கணக்குச் சொல்லும். தொழிலறிவு பயன்படாது என்று இதற்குப் பொருளில்லை. அது ஏற்கெனவே கம்பெனியில் முதலீடாகிவிட்டது. மீதிப் பணம் பனியனோடு சேர்ந்து ஆடாத எதிலாவது இருக்க வேண்டும். வகுப்பில் இந்தக் கோட்பாட்டைப் பங்குகளுக்கு மட்டும் பொருத்திக் காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறோம். குடும்பத்தின் தொழில், சம்பளம், வீடு எல்லாம் தொகுப்பின் உறுப்புகளே.

நிலம் ஒருபோதும் இறங்காது என்ற வாதத்தை நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கலாம். பங்கின் விலை நாள்தோறும் நொடிக்கு நொடி அறிவிக்கப்படுகிறது. நிலத்தின் விலை விற்கும்போது மட்டும்தான் தெரிகிறது. அளக்காத ஏற்ற இறக்கத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு நிலத்தையும் பங்கையும் ஒப்பிட்டால் நிலம் எப்போதும் வெல்லும். நிலத்தை மதிப்பிட வேண்டுமானால், அவசரத்துக்கு மூன்று மாதத்தில் விற்றால் என்ன கிடைக்கும் என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். அந்த எண் பல வீடுகளில் சங்கடத்தை உண்டாக்கும்.

இனி மார்க்கோவிட்ஸில் எது உறுதியற்றது என்பது. சூத்திரம் சரி, அதற்குள் போடும் எண்கள்தான் சிக்கல். 30 பங்குகள் கொண்ட தொகுப்புக்கு, ஒவ்வொரு பங்கின் ஆட்டத்தையும் சொல்லும் 30 மாறுபாடுகளும், இரண்டிரண்டாக அவை சேர்ந்தாடுவதைச் சொல்லும் 435 உடன்மாறுபாடுகளும் (மேலே சொன்ன கோவேரியன்ஸ்) தேவை. அவற்றை ஐந்தாண்டு மாதத் தரவிலிருந்து, அதாவது 60 புள்ளிகளிலிருந்து மதிப்பிடுகிறோம். எதிர்பார்ப்பு வருவாய்க்கான மதிப்பீடு இன்னும் மோசம். அதனால் கணினி தரும் 'உகந்த' தொகுப்பு, சென்ற ஐந்தாண்டில் தற்செயலாக நன்றாக ஓடிய பங்குகளில் பணத்தைக் குவித்துவிடும். டிமிகல், கார்லாப்பி, உப்பல் ஆகிய மூவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நுணுக்கமான 14 மாதிரிகளைச் சமமாகப் பிரித்துப் போடும் எளிய முறையோடு ஒப்பிட்டார்கள். அவற்றில் ஒன்றுகூடத் தொடர்ந்து அதை வெல்லவில்லை. மார்க்கோவிட்ஸே தம் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பங்கு பாதி, கடன்பத்திரம் பாதி என்று பிரித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. பின்னாளில் வருந்த நேராமல் இருக்கவே அப்படிப் பிரித்ததாக அவர் சொன்னார். சூத்திரத்துக்குள் போட நம்பத்தக்க எண் இல்லாதபோது அதுவும் நியாயமே.

அடுத்தது 1964-இல் ஷார்ப் முன்வைத்த மூலதனச் சொத்து விலை மாதிரி. ஒரு பங்கு சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்ற அளவை (அதன் பெயர் பீட்டா) வைத்து அதன் எதிர்பார்ப்பு வருவாயைச் சொல்வது அது. ஏறத்தாழ அதே காலத்தில் லின்ட்னரும் மோசினும் தனித்தனியே அதை எட்டினார்கள். இடரற்ற வட்டி 7, சந்தை அதற்கு மேல் தரும் உபரி 6, பீட்டா 1.2 என்று வைத்தால், எதிர்பார்ப்பு வருவாய் 14.2 விழுக்காடு என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். பீட்டா கூடக் கூட வருவாயும் அதே விகிதத்தில் கூடும் என்ற இந்த நேர்கோடு, தரவோடு உரசிப் பார்த்தபோது தேறவில்லை. பீட்டா குறைந்த பங்குகள் மாதிரி சொன்னதைவிட அதிகமாகவும், பீட்டா உயர்ந்தவை குறைவாகவும் தந்தன என்று 1972-லேயே பிளாக், ஜென்சன், ஷோல்ஸ் காட்டிவிட்டார்கள். எல்லாச் சொத்துகளும் அடங்கிய உண்மையான 'சந்தைத் தொகுப்பு' என்பதை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது, எனவே மாதிரியைச் சோதிக்கவே முடியாது என்று 1977-இல் ரோல் வாதிட்டார். 1992-இல் ஃபாமாவும் ஃபிரெஞ்சும், நிறுவனத்தின் அளவும் புத்தக மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள விகிதமும் பீட்டாவைவிட நன்றாக வருவாயை விளக்குகின்றன என்று காட்டினார்கள். போதாக்குறைக்கு அந்த '6' என்ற எண்ணே ஆட்டம் காண்பது. சந்தையின் ஆண்டுத் திட்ட விலக்கம் 20 என்றால், 25 ஆண்டுத் தரவிலிருந்து கணக்கிடும் சராசரியின் திட்டப் பிழை, இருபதை இருபத்தைந்தின் வர்க்கமூலத்தால் வகுக்க, 4 வருகிறது. அந்தப் பிழையில் இரு மடங்கை இருபுறமும் விட்டுப் பார்ப்பது வழக்கம். அப்படியானால் கணக்கில் 6 கிடைத்திருந்தாலும் உண்மை எண் கழித்தல் 2 முதல் 14 வரை எங்கும் இருக்கலாம். கால் நூற்றாண்டுத் தரவை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் சொல்ல முடியும். 14.2 என்று தசமப் புள்ளியோடு எழுதும்போது இதை மனத்தில் வையுங்கள்.

சூத்திரம் தோற்றாலும் அந்த மாதிரி விட்டுச்சென்ற ஒரு கேள்வி நிலைத்திருக்கிறது: எந்த இடரைச் சுமப்பதற்குச் சந்தை கூலி தருகிறது? பரவலாக்கித் தொலைக்கக்கூடிய இடருக்குக் கூலி கிடையாது. தொலைக்க முடியாததற்கு மட்டுமே உண்டு. இதை நம் ஊர் வட்டிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு என்று கொடுப்பவருக்கு ஆண்டுக்கு 24 வருகிறது. வங்கி வைப்பு 7 தருகிற காலத்தில் மீதி 17 எதற்கான விலை? வாங்கியவர் திருப்பித் தராமல் போகும் வாய்ப்புக்கும், தராவிட்டால் நீதிமன்றம் ஏறி வாங்க முடியாத நிலைக்குமான விலை அது. பத்து ஆண்டு ஒழுங்காக வந்த வட்டி அந்த வாய்ப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் இத்தகைய இடர் சிறிது சிறிதாகத் தலைகாட்டாமல் ஒரே நாளில் முழுதாக வரும்.

2012-இல் பெருந்துறையை மையமாகக் கொண்டு சரிந்த ஈமு கோழித் திட்டங்களை இந்தக் கேள்வியால் அளந்திருந்தால், பண்ணைக்குள் காலெடுத்து வைக்காமலேயே விடை கிடைத்திருக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குஞ்சும் கொட்டகையும் தந்தார்கள். மாதந்தோறும் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்கொரு போனஸ், வளர்ந்த பறவையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி. வங்கியைவிடப் பல மடங்கு வருவாய், ஏற்ற இறக்கம் சுழியம். ஈமு இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ நாட்டில் அப்படி ஒரு சந்தை இல்லை என்றால், மாதத் தொகை புதிதாகச் சேருபவரின் முன்பணத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். விவரம் தெரிந்த விவசாயிகள், ஆட்டுக்குட்டி வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள், இதில் ஏமாந்தார்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்காகத் தமிழ்நாட்டில் 1997-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, கோவையில் அதற்கான சிறப்பு நீதிமன்றமும் இயங்குகிறது. ஆனாலும் வழக்கு முடிந்து பணம் கைக்கு வருவது வேறு கதை. அதிக வருவாயும் இடரின்மையும் சேர்ந்து ஒரே துண்டறிக்கையில் அச்சாகியிருந்தால், இடரை யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது எந்தச் சோதனையிலும் தோற்காத பகுதி.

சந்தைத் திறன் கோட்பாட்டைப் பற்றித்தான் தவறான புரிதல் மிகுதி. சந்தை விலை எப்போதும் சரியானது என்று அது சொல்வதாக எண்ணிக்கொண்டு, 2008-இல் சென்செக்ஸ் 21,000-இலிருந்து 8,000-க்குக் கீழே போனதைக் காட்டிக் கோட்பாடு செத்தது என்பார்கள். 1970-இல் ஃபாமா தொகுத்த வடிவில், கிடைக்கும் தகவல் விலையில் சேர்ந்துவிடுகிறது என்பதே கூற்று. அதிலிருந்து பிறப்பது, பொதுவில் தெரிந்த தகவலைக் கொண்டு செலவு போகத் தொடர்ந்து சந்தையை வெல்வது கடினம் என்ற எதிர்பார்ப்பு. ஈரோடு மஞ்சள் ஏலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. மாதிரிக் குவியல் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. நிசாமாபாத்திலும் சாங்லியிலும் வரத்து குறையும் என்று முதலில் அறிந்த வியாபாரி கூட்டிக் கேட்கிறார். அவர் கேட்பதாலேயே விலை ஏறுகிறது. மாலைக்குள் அந்தச் செய்தி விலைக்குள் போய்விடுகிறது. முதலில் அறிந்தவருக்கு ஆதாயம் இருந்தால்தான் அவர் செலவழித்துச் செய்தி சேகரிப்பார், ஆகவே முழுமையான திறன் என்பது நடைமுறையில் இருக்கவே முடியாது என்று 1980-இல் கிராஸ்மனும் ஸ்டிக்லிட்ஸும் காட்டியதும் இதையே. 2013 நோபல் பரிசை ஃபாமாவும், சந்தை விலை அளவுக்கு மீறி ஆடுகிறது என்று காட்டிய ஷில்லரும் ஹான்சனோடு சேர்ந்து பகிர்ந்துகொண்டது மாணவர்களுக்குக் குழப்பம் தருகிறது. விலை தவறியிருக்கலாம் என்பதும், அந்தத் தவற்றிலிருந்து உங்களால் காசு பண்ண முடியாது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்: பாடத்திட்டத்தில் மிகக் குறைந்த இடம் பெறும் ஒரு கூட்டல் கழித்தல் கணக்குதான் முதலீட்டுத் துறையிலேயே மிக உறுதியானது. 1991-இல் ஷார்ப் அதை மூன்று பக்கத்தில் எழுதினார். எல்லா முதலீட்டாளர்களும் சேர்ந்ததே சந்தை. சந்தைக் குறியீட்டிலுள்ள பங்குகளை அதே விகிதத்தில் அப்படியே வைத்திருப்போர் சந்தை வருவாயைப் பெறுகிறார்கள். எனவே பொறுக்கி வாங்குவோரின் சராசரியும் செலவுக்கு முன் அதே சந்தை வருவாய்தான். அவர்களுடைய செலவு கூடுதல் என்பதால் செலவு போக அவர்களின் சராசரி குறைவாகவே இருந்தாக வேண்டும். இதற்குச் சந்தை திறன்மிக்கதாக இருக்க வேண்டிய தேவைகூட இல்லை. செலவு என்பதை அற்பம் என்று நினைக்காதீர்கள். 10 லட்சம் ரூபாய் 25 ஆண்டுகளில் 12 விழுக்காட்டில் ஏறத்தாழ 1.70 கோடியாகும், 11 விழுக்காட்டில் 1.36 கோடிதான், அந்த ஒரு புள்ளி 34 லட்சத்தை எடுத்துக்கொள்கிறது. 2013 ஜனவரி முதல் நம் நாட்டு மியூச்சுவல் ஃபண்டுகள் அனைத்திலும் தரகுக் கழிவு இல்லாத நேரடித் திட்டம் இருக்கிறது. அதே நிதி, அதே மேலாளர், குறைந்த கட்டணம்.

அடிக்கடி வாங்கி விற்பதும் இதே கணக்கில் அடங்கும். பார்பரும் ஓடீனும் 1991 முதல் 1996 வரை 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் தரகுக் கணக்குகளை ஆராய்ந்தபோது, மிகுதியாக வர்த்தகம் செய்தவர்கள் ஆண்டுக்கு 11.4 விழுக்காடு ஈட்டினார்கள். சந்தை தந்தது 17.9. நம் நாட்டில் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் நட்டமடைந்தார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. அங்கே ஒருவரின் லாபம் இன்னொருவரின் நட்டம், இருவரிடமிருந்தும் கட்டணம் போகிறது. விடுதி அறையில் கைப்பேசியை வைத்து ஆப்ஷன் வாங்கும் நண்பர் உங்களுக்கும் இருப்பார். எதிர்ப்பக்கம் விற்பவர் யார் என்று அவரிடம் கேளுங்கள்.

பண முடிவுகளில் மனித மனம் செய்யும் பிழைகளை ஆராயும் நடத்தைசார் நிதியியலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உளவியலாளர்களான கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதியது, நட்டத்தின் வலி அதே அளவு லாபத்தின் இன்பத்தைவிடப் பெரிது என்பதை நிறுவியது. 1992-இல் அவர்களே அந்த விகிதத்தை ஏறத்தாழ 2.25 என்று மதிப்பிட்டார்கள். லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்று, நட்டத்தில் இருப்பதை "போட்ட காசு வரட்டும்" என்று பிடித்துக்கொண்டிருப்பதை இது நன்கு விளக்கும். ஆனால் இது விளக்கம்தான், உத்தி கிடையாது. பிறருடைய பிழையைப் பட்டியலிட்டுவிட்டுத் தான் அதற்கு விலக்கு என்று நம்பும் மாணவரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

உத்திகளுக்கு வருவோம். விலை மலிந்த பங்கை வாங்கும் மதிப்புசார் உத்தி, அண்மையில் ஏறியவற்றைப் பின்தொடரும் மொமெண்டம் ஆகிய இரண்டும் பல நாட்டுத் தரவுகளில் பதிவானவை. இரண்டாவதை 1993-இல் ஜெகதீஷும் டிட்மனும் விரிவாகக் காட்டினார்கள். இவை இடருக்கான கூலியா, மனிதப் பிழையின் விளைவா, தரவைத் துழாவியதில் கிடைத்த தற்செயலா என்பதில் இன்றும் உடன்பாடில்லை. மக்லீனும் பாண்டிஃபும் 97 இத்தகைய கண்டுபிடிப்புகளை எடுத்து 2016-இல் ஆராய்ந்தபோது, மூல ஆய்வுக் காலத்துக்குப் பிந்திய தரவில் வருவாய் 26 விழுக்காடும், கட்டுரை வெளியானபின் 58 விழுக்காடும் குறைந்திருந்தது. ஆகவே கடந்தகால ஓட்டத்தில் உத்தி ஒன்று காட்டும் ஆதாயத்தைப் பாதியாக்கிவிட்டு, அதிலிருந்து செலவையும் வரியையும் கழித்தபின்னும் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். மாதந்தோறும் ஒரு தொகையை ஃபண்டில் போடும் எஸ்.ஐ.பி. பற்றியும் கேட்பீர்கள். மொத்தமாக இருக்கும் பணத்தைத் தவணையாகப் பிரித்துப் போடுவது எதிர்பார்ப்பு வருவாயைக் கூட்டாது. பணம் அதிக நாள் வெளியே கிடக்கும் என்பதால் சராசரியில் குறைக்கவே செய்யும். சம்பளம் வர வரப் போடுபவருக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, அவருக்கு அது சேமிக்கும் ஒழுங்கு மட்டுமே. அந்த ஒழுங்கு ஒன்றும் சின்னது இல்லை.

படிக்கும் முறைக்கு ஒரு யோசனை. பாடநூலின் சுருக்கத்தைவிட மார்க்கோவிட்ஸின் மூலக் கட்டுரையையே முதலில் படியுங்கள், கணிதம் எளிமையானது. பிறகு தேசியப் பங்குச் சந்தையின் தளத்திலிருந்து நிஃப்டி 50-இன் மாத மதிப்புகளையும், அதே காலத்துத் தங்க விலையையும், கோவை அல்லது திருப்பூரைச் சேர்ந்த ஒரு பட்டியலிட்ட ஜவுளி நிறுவனத்தின் விலையையும் எக்செல்லில் ஏற்றி, மூன்றுக்குமான உடன்மாறுபாட்டு அணியை நீங்களே போடுங்கள். தரவை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியில் கிடைத்த உகந்த தொகுப்பை இரண்டாம் பாதியில் ஓட்டிப் பாருங்கள். எண்கள் எவ்வளவு நகர்கின்றன என்பதைக் கண்ணால் பார்க்காமல் மதிப்பீட்டுப் பிழை புரியாது. தந்தையின் சொத்துகளை எழுதி, 2011 போன்ற ஓர் ஆண்டில் ஒவ்வொன்றும் எவ்வளவு இறங்கும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்கள் உங்கள் கணினியிலிருப்பதைவிட நம்பத்தக்கவையாக இருக்கக்கூடும். நிஃப்டிக்கு மட்டும் வெறும் விலைக் குறியீட்டை எடுத்துவிடாதீர்கள், ஈவுத்தொகையும் சேர்ந்த மொத்த வருவாய்க் குறியீட்டை எடுங்கள். 2018 பிப்ரவரி முதல் மியூச்சுவல் ஃபண்டுகளும் அதனோடுதான் தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது, அதற்கு முந்தைய விளம்பரங்களில் காணும் 'சந்தையை வென்றோம்' என்ற கூற்றுகளில் ஒரு பகுதி அந்த ஈவுத்தொகை மட்டுமே.